தீனித் தட்டு

என் தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அன்றைக்குச் சாப்பிட மாட்டான் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து அவன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை; ஈரம் ஊறி உரிந்துபோன ஒரு திட்டு மட்டும்தான். அதில் என்ன சினிமாவா ஓடுகிறது என்று நான் எரிந்து விழுவேன். முதுகு மட்டும் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

அவன் மின்சார லைன்மேன். ஊருக்கு வெளியே வரிசையாக நிற்குமே உயரமான இரும்புக் கோபுரங்கள், அவற்றில் ஏறிக் கம்பி இழுப்பதும் கம்பியைத் தாங்கும் பீங்கான்களை மாற்றுவதும் அவன் வேலை. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, ஈரமான கோபுரத்தில் கால் வழுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. தண்டுவடத்தைப் பற்றி டாக்டர் விளக்கியபோது, "அறுந்த லைனை எல்லாம் நான் ஒட்டியிருக்கேன் டாக்டர், உங்களால முடியாதா?" என்று கேட்டான். அவன் கடைசியாக அடித்த ஜோக் அதுதான். பிறகு பேச வாயைத் திறக்கவில்லை; சாப்பாடும் ஒரு வாய், அரை வாயோடு சரி.

வீட்டில் அம்மா, நான், அவன், மூன்றே பேர். நான் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் மடித்து அடுக்க வேண்டும். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்ததிலிருந்து அதுதான் என் பிழைப்பு. ஆளைத் தூக்காமலே அடியில் இருக்கும் விரிப்பை உருவிப் புதியதைப் போட எனக்குத் தெரியும். தம்பிக்கு நான் உபயோகப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். உருவும்போது அவன் எடை குறைந்துகொண்டே போவது என் கைக்குத் தெரிந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வருவார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"புண்ணு ஆறணும்னா உடம்புல ஏதாவது இருக்கணும்மா. இருக்கிறதையும் அவர் கரைச்சுக்கிட்டிருக்கார். இப்படியே போனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்குல குழாய் போடணும். அதையும் அவர் பிடுங்கிப் போட்டார்னா, அப்புறம் நாம ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, கையெட்டும் தூரத்தில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, எங்கள் கண்ணெதிரே பட்டினியில் போய்க்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். எனக்கு வந்ததும் அவளிடமிருந்துதான். குளிர் தொடங்கிய புதிதில் ஒரு காலை, அவன் தொடாமல் வைத்த ரொட்டியைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஜன்னலைத் திறந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்தாள். "நீ திங்கலேன்னா போ, காக்காயாவது தின்னுட்டுப் போகட்டும்!"

காக்காய் வரவில்லை. ஒரு சின்னக் குருவி வந்தது. ஜன்னல் விளிம்பில் குதித்து, ஒரு துணுக்கைக் கொத்திக்கொண்டு, உள்ளே தலையைச் சாய்த்துப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று வந்து முதல் குருவியின் வாயிலிருந்ததைப் பிடுங்கியது. இரண்டும் கத்திச் சண்டை போட்டன. அந்தச் சத்தத்தில் என் தம்பியின் தலை சுவரை விட்டுத் திரும்பியது.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மறுநாளே கட்டிலை ஜன்னலை ஒட்டித் தள்ளிப்போட்டோம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் சின்னப் பின்கட்டு, அதைத் தாண்டிச் செடி அடர்ந்த ஒரு தாழ்வான வேலி, வேலிக்கு அப்பால் யாரும் வீடு கட்டாமல் விட்ட ஒரு காலி மனை. அவ்வளவுதான் காட்சி. நான் வேலையிலிருந்து வரும்போது ஒரு பை தானியமும் சூரியகாந்தி விதையும் வாங்கி வந்தேன். தம்பியோடு வேலை பார்த்த ஒருவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு உயரம். அவன் வந்து, கோபுரத்தில் பீங்கான் மாட்டும் பழைய இரும்புக் கொக்கி ஒன்றைச் சுவரில் அடித்து, அதில் ஒரு மரத்தட்டைத் தொங்கவிட்டான். தம்பியின் லாக்கரில் கிடந்த பைனாகுலரையும் கொண்டுவந்து கொடுத்தான். மேலே ஏறுவதற்கு முன்னால் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று கீழே நின்று பார்ப்பதற்காக லைன்மேன்களுக்குத் தரும் பைனாகுலர் அது.

"டேய், கோபுரத்துல ஏறினா முதல் வேலையா குருவிக் கூட்டைப் பிச்சு எறியறவன் நீ. இப்ப குருவிக்கு ஓட்டல் நடத்துறியா?" என்றான் ஏணி.

"சத்தம் போடாதடா. பறந்துடும்" என்றான் தம்பி.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவனுக்குக் காலை முதல் மாலை வரை அதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தான். பச்சையும் மஞ்சளுமான உடம்பும் தடித்த அலகுமாக கூட்டம் கூட்டமாக வரும் குருவிகள்தான் அதிகம். அவற்றில் ஒன்றுக்கு இறக்கையில் ஒரே ஓர் இறகு மட்டும் வெள்ளை. தட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு மற்றவற்றை விரட்டும், தானும் ஒழுங்காகத் தின்னாது. அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தான். சிவந்த கழுத்தோடு தனியாக வந்து தனியாகப் போவது மாப்பிள்ளை. கொக்கியில் தலைகீழாகத் தொங்கி விதை திருடும் அணிலுக்கு, ஏணி என்று பெயர்.

அம்மா விஷயத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். தீனித் தட்டில் விதை போடும் நேரமும் அவனுக்குச் சாப்பாடு வைக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால், அவன் பார்த்துக்கொண்டே, தெரியாத்தனமாக, நாலு வாய் உள்ளே தள்ளிவிடுகிறான். ஆகவே அவள் இன்னொரு தட்டு தொங்கவிட்டாள். பிறகு இன்னொன்று. குளிர் ஏற ஏற, சுற்றுவட்டாரக் குருவிகளுக்கெல்லாம் எங்கள் விலாசம் தெரிந்துவிட்டது. பந்தியில் இடம் கிடைக்காதவை வேலியில் காத்திருந்தன. அவன் முழு முட்டை சாப்பிட்டான். கட்டு மாற்ற வந்த நர்ஸ், புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் வருகிறது என்று சொன்னார். நான் ஓட்டலில் உருளைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னை அறியாமல் பாட்டு முணுமுணுத்தேன். எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடிக்கும் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மூட்டை வந்தது.

அதுவும் பச்சைக் குருவிதான். ஆனால் உடம்பெல்லாம் உப்பி, கழுத்தே தெரியாமல், பஞ்சடைத்த பை போல இருந்தது. மற்றவை வந்து கொத்திப் பறக்கும்போது அது மட்டும் தட்டின் ஓரத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்தாலும் நகராது. ஒரு நாள் தம்பி கையை மெதுவாக வெளியே நீட்டி, ஒரு விரலால் அதன் முதுகைத் தடவினான். அது கண்ணை மூடித் திறந்தது.

"அக்கா, பாரேன், எங்கிட்ட இதுக்குப் பயமே இல்ல!" என்றான். சிரித்தான். சிரித்தபோது அவன் கன்ன எலும்புகள் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது. "தின்னு தின்னு எப்படிக் கொழுத்திருக்கு பாரு. மூட்டை, மூட்டை."

அம்மா அன்று அவனுக்கு இரண்டு முட்டை வைத்தாள். இரண்டையும் சாப்பிட்டான்.

சில நாளில் மூட்டையைக் காணவில்லை. எங்கே என்று தம்பி கேட்டதற்கு, "வேற எங்கயாவது பறந்து போயிருக்கும்டா" என்றாள் அம்மா. கேட்டு வாய் மூடுவதற்குள் இன்னொரு மூட்டை வந்து உட்கார்ந்தது. அவன் அதற்குச் சின்ன மூட்டை என்று பெயர் வைத்தான்.

எனக்கு அடுத்த வாரம் ஷிப்ட் மாறியது. வழக்கமாக விடிந்ததும் கிளம்புகிறவள், அன்று வீட்டில் இருந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே உறைபனி, புல்லெல்லாம் வெளுத்திருந்தது. ஜன்னலுக்கு அடியில் அம்மா குந்தி உட்கார்ந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். பைக்குள் குருவிகள். எல்லாம் உப்பி, கால்கள் மடங்கி, அலகில் ஈரம் உறைந்து கிடந்தன.

"அம்மா!"

"கத்தாத. முழிச்சுக்குவான்."

"என்னம்மா இது?"

"குளிருல செத்திருக்கு. வேற என்ன?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இது முதல் நாள் இல்லை என்று அந்தக் கை பொறுக்கிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு குருவியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஓட்டலுக்குப் போகும் வழியில் நாய், பூனை பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். குருவிக்காக வந்திருக்கிறேன் என்றதும் சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. கையுறை போட்டு, அலகைச் சின்ன இடுக்கியால் பிரித்து, விளக்கை அடித்துப் பார்த்தார்.

"வீட்டுல தீனி வெக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"நிறைய வருதா?"

"நிறைய வருதுங்க." அதைச் சொல்லும்போதுகூட எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இது தொண்டையில வர்ற நோய். உள்ளே அடைச்சுக்கும், விழுங்க முடியாது. எடுக்கும், மெல்லும், திரும்பத் துப்பும். துப்பினதை அடுத்தது தின்னும், அதுக்கும் ஒட்டிக்கும். அதான், தீனிக்கு முன்னாலயே உட்காந்திருக்கும், ஆனா பட்டினியில சாகும். உப்பியிருக்கும், நாம கொழுத்திருக்குன்னு நெனப்போம்." குருவியைக் காகிதத்தில் மடித்தார். "எல்லாத் தட்டையும் இன்னிக்கே எடுத்துடுங்க. கொதிக்கிற தண்ணில கழுவுங்க. குளிர் முடியிறவரைக்கும் ஒரு விதைகூட போடாதீங்க. கூட்டம் கலைஞ்சாத்தான் மிச்சம் பொழைக்கும்."

அன்றைக்கு முழுக்க உருளைக்கு முன்னால் நின்றேன். ஆவி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. தட்டை எடுத்தால் தம்பி சுவர்ப் பக்கம் திரும்புவான். எடுக்காவிட்டால் அவன் பெயர் வைத்த ஒவ்வொன்றும் சாகும். இரண்டில் எதையும் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஒரு விரிப்பைக் கோணலாகக் கொடுத்து உருளையில் சிக்க வைத்தேன்.

சாயங்காலம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன், அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று. அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள்.

"தட்டுல கைய வெச்சே, தெரியும் சேதி."

"அம்மா, எல்லாம் செத்துரும்மா. நாமதான் கொல்றோம்."

"சாகட்டும்! உலகத்துல குருவிக்கா பஞ்சம்? எனக்கு இருக்கிறது ஒரே புள்ள." நான் அந்தக் கணக்கில் வரவில்லை, பழகிவிட்டது. "நேத்து என்ன சாப்பிட்டான் தெரியுமாடி? கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எங்கிட்ட, 'இன்னும் கொஞ்சம்'னு கேட்டான். அதுக்காக நான் குருவியென்ன, யானையைக்கூட பொறுக்கிப் போடுவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் கைகள் உறைபனியில் வெடித்து, விரல் இடுக்குகளில் ரத்தம் கன்றியிருந்தது. தட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஓட்டலிலிருந்து சலவை மருந்து கொஞ்சம் கொண்டுவந்தேன். அவன் தூங்கும் நேரம் பார்த்துத் தட்டுகளைக் கழற்றித் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். இரண்டு நாள் பைக்குள் விழுந்தது குறைந்தது. எனக்கு உயிர் வந்தது. மூன்றாம் நாள் பை மறுபடி நிறைந்தது. தட்டு சுத்தமாக இருந்து என்ன செய்ய, அதில் வந்து உட்காரும் கூட்டம் அதே கூட்டம். தம்பி விழிப்பதற்கு முன்பே அம்மா பையை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிக் காலி மனையில் புதைப்பாள். தரை கல்லாக இறுகிக் கிடந்தது. மண்வெட்டி இறங்காமல், மேலாகக் கீறி, இலையைப் போட்டு மூடிவிட்டு வருவாள்.

"அக்கா, நரி!" என்றான் தம்பி ஒரு மாலை.

நான் ஓடினேன். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். காலி மனையில், வேலிக்கு அந்தப் பக்கம், மெலிந்த ஒரு நரி மூக்கைத் தரையில் வைத்து நடந்துகொண்டிருந்தது.

"இத்தனை வருஷத்துல இங்க நரியே பார்த்ததில்ல. இனிமே தினமும் நரி முகத்துலதான் முழிக்கப்போறேன்" என்று சிரித்தான். "எதுக்கு வருது தெரியல. ஏதோ வாசனை பிடிச்சிருக்கு."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அம்மா ஆழமாகத் தோண்டப் பார்த்தாள், முடியவில்லை. அன்றைய பையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே போனதை என்ன செய்வது. நரி மறுபடி வந்தது. இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. தம்பி மடியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் பைனாகுலர் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கீழே உட்கார்ந்து அவன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"தோண்டுது" என்றான். "அம்மா, அங்க என்ன இருக்கு?"

"எலியா இருக்கும்டா. நீ சாப்பிடு."

"எலி இல்ல. பச்சையா இருக்கு." ஸ்பூனைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் பைனாகுலரைப் பிடித்து, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகினான். எவ்வளவோ உயரத்தில் இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் அவன். "குருவி. வாயில குருவி வெச்சிருக்கு. இறக்கை தொங்குது." சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருகினான். "ஒரு இறகு வெள்ளை."

அம்மாவின் கை அவன் காலின்மேல் அப்படியே நின்றது. அந்தக் காலுக்கு அது தெரியாது.

"மேஸ்திரிம்மா அது."

"நரின்னா பிடிக்கத்தானேடா செய்யும்..."

"பிடிக்கல. தோண்டி எடுக்குது. இன்னொண்ணு எடுக்குது. இன்னும் எடுக்குது." பைனாகுலரை இறக்கினான். "யார் பொதைச்சது?"

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நரியே பந்தி விரித்துக் காட்டிவிட்டது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா நடுவில், "வாய மூடுடி" என்றாள். நான் மூடவில்லை.

"மூட்டை?" என்று கேட்டான்.

"அதுவும்தான்டா."

"எங்கிட்ட பயமில்லாம இருந்துச்சே."

"பறக்கத் தெம்பில்லடா அதுக்கு."

அவன் அந்த விரலைப் பார்த்தான், மூட்டையைத் தடவிய விரலை. "சாப்பாட்டுக்கு முன்னால உட்காந்துக்கிட்டே, பசியில செத்துச்சா?"

"ஆமா."

மடியிலிருந்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். கட்டில் கம்பியைப் பிடித்து, கால்களைக் கையாலேயே இழுத்து, உடம்பைத் திருப்பி, சுவர்ப் பக்கம் படுத்தான். எங்கள் கை படாமல் அவனே திரும்பிப் படுத்தது அதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்திருந்தால் நாங்கள் அதைக் கொண்டாடியிருப்போம்.

"உன் நாக்கு அழுகட்டும்" என்றாள் அம்மா என்னிடம், சமையலறையில். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. கட்டிலருகே நின்று, "தட்டை எடுத்துடட்டுமாடா?" என்று கேட்டேன். முதுகு ஏறி இறங்கியது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எல்லாத் தட்டையும் கழற்றினேன். தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினேன். ஜன்னல் விளிம்பைத் தேய்த்தேன். ஆனால் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பல நாள் உமியும் விதையும் போய் அடைந்திருந்தது. ஊசியால் குத்தியும் முழுக்க வரவில்லை. நான் உள்ளே திரும்புவதற்குள் குருவிகள் வந்துவிட்டன. வெறும் கொக்கியில் உட்கார்ந்தன. விளிம்பில் வரிசையாக இறங்கி அந்த இடுக்கைக் கொத்தின. கண்ணாடியில் அலகு பட்டு டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. தண்ணீரை உதட்டில் வைத்தால் கடைவாய் வழியாக ஒழுகவிட்டான். நர்ஸ் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி வண்டி அனுப்பச் சொல்றேன்" என்றார். நான் பின்கட்டுக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதேன். உண்மையைச் சொல்லிக் கொன்றேனா, பொய்யைச் சொல்லிக் காப்பாற்றியிருக்கலாமா என்று யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல் இருந்தது. உள்ளே அம்மா ரொட்டியும் முட்டையும் தட்டில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"தட்டைக் குடு."

அம்மா நின்றாள். நான் பின்வாசலிலிருந்து உள்ளே ஓடினேன்.

"தட்டைக் குடும்மா" என்றான் மறுபடி. குரல் தேய்ந்து போயிருந்தது. ஆனால் சுவரை விட்டுத் திரும்பியிருந்தான்.

"இந்தாடா, இந்தாடா என் ராசா!" அம்மா பறந்தாள். அந்த வேகத்தில் முட்டை உருண்டது. அவன் தட்டை வாங்கினான். வாங்கி, அப்படியே கவிழ்த்தான். ரொட்டியும் முட்டையும் போர்வைமேல் விழுந்தன. ஸ்பூனைப் பிடுங்கி, எவர்சில்வர் தட்டை ஜன்னல் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, ஓங்கி ஓங்கி அடித்தான்.

"போ! போங்க! இங்க ஒண்ணுமில்ல, போங்க!"

விளிம்பில் இருந்த கூட்டம் ஒரே வீச்சில் எழும்பியது. வேலியில் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவன் மறுபடி அடித்தான். அடிக்க அடிக்க அவன் உடம்பு முழுக்க ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. "சொன்னா கேளு! செத்துருவே! போ!" கண்ணீர் தாடிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, அந்தச் சிவந்த கழுத்துக்காரன், கொக்கியில் வந்து நின்று தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தான். தம்பியின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அவனையும் விரட்டினான்.

அம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, வேலியைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள். தினமும் வா வா என்று விதை இறைத்த அதே இடத்தில் நின்றுகொண்டு, "போங்கடி! எம் புள்ள சொல்றான்ல, போங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மூச்சு வாங்கி, கத்தி, மறுபடி மூச்சு வாங்கினாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு வேலி காலியானது. ஒன்றே ஒன்று மட்டும் விளிம்பின் ஓரத்தில் இருந்தது. உப்பி, கழுத்து தெரியாமல். சின்ன மூட்டை. அவன் தட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து அடித்தான். அது அசையவில்லை. அலகைத் திறந்தது. உள்ளே ஒரு விதை இருந்தது; விழுங்கப் பார்த்தது, முடியாமல் வெளியே வழிந்தது. மறுபடி அதையே கொத்தி எடுத்தது.

அவன் அடிப்பதை நிறுத்தினான். ஜன்னலுக்கும் அவன் முகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, பார்வையை எடுக்காமலே, போர்வைமேல் கிடந்த ரொட்டியைத் தடவி எடுத்துக் கடித்தான். வறண்ட வாயில் அதைச் சுலபமாக மெல்ல முடியவில்லை. மென்றுகொண்டே இருந்தான். தொண்டை ஏறி இறங்கியது.

"என்னால விழுங்க முடியுதேக்கா" என்றான். விம்மி விம்மி அழுதான்.

நான் அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். அவன் அழுதுகொண்டே இன்னொரு துண்டு கடித்தான். வெளியே சின்ன மூட்டை கண்ணை மூடிக்கொண்டது, பிறகு திறக்கவில்லை. அம்மா உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, தட்டை வாங்கக் கை நீட்டினாள்.

அவன் தரவில்லை. "மறுபடி வரும்" என்றான். வாயில் ரொட்டியோடு, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேலியையே பார்த்தபடி இருந்தான்.